ஆற்றங்கரை மாமி வீட்டுப் பிடியரிசி

சனிக்கிழமை காலை ஏழேகால் மணி. ஆற்றங்கரை மாமி வீட்டு வாசற்படியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பால்பொடி டின். மூடியின் மேல் ஒரு ஓட்டுத்துண்டு வைத்திருந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அது பிடியரிசி டின். திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் அப்படி ஒரு டின் இருக்கும். உலை வைக்கும்போது, வீட்டில் உள்ளவர்களுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போடுவது பிடியரிசி ஆகாது. சாப்பிடுகிறவர்களின் பங்கிலிருந்து அது குறைய வேண்டும். சபையில் யாரும் இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமைதோறும் பெண்கள் சங்கம் வீடு வீடாகப் போய் அதைச் சேர்க்கும். மற்ற மாதங்களில் அந்த அரிசியை விற்றுவிடுவார்கள். ஓணம் கழிந்து அசனம் வரும் மாதத்தில் மட்டும் விற்பதில்லை. அசனம் என்றால் சபையார் எல்லாரும் கோயிலின் பின்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வேகும். மார்த்தாண்டத்துக்காரர்கள் வீட்டுப் பொன்னியும், ரேஷன் கடைப் புழுங்கலும், மலையாளத்தார் உண்ணும் சிவப்பு மட்டை அரிசியும் ஒன்றாகக் கிடந்து, ஒன்று குழைந்தும் ஒன்று விறைத்துமாக வேகும். இலையில் அந்தச் சோறு மூன்று நிறத்தில் இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த சோறு கிடையாது.

டின்களைச் சேர்க்கும் பொறுப்பு அத்தையுடையது. அப்பாவின் அக்கா, அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட், கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பை தூக்க நான் கூடப் போவேன். பக்தியால் அல்ல, சில வீடுகளில் அச்சுமுறுக்கு தருவார்கள்.

மற்ற வீடுகளில் டின்னைக் கையில்தான் தருவார்கள். ஆற்றங்கரை மாமியும் அதுவரை அப்படித்தான் தந்திருந்தார். அத்தை ஓட்டுத்துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டினார். மாமி கதவைக் கால்வாசி திறந்தார்.

“வெளியிலேயே வச்சிட்டேன் அக்கா. நீங்க உள்ள வந்து கஷ்டப்படண்டாம்னு...”

“நாய் வந்து தட்டிவிட்டா யாரு பொறுக்குவா? இந்தா, பிடி.”

மாமி டின்னை வாங்கிக்கொண்டார். அத்தை உடனே இரண்டு கைகளையும் நீட்டினார்.

“இனி கையில தா.”

தந்ததைத் திரும்பக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாமி டின்னை அத்தை கையில் வைத்தார். பிறகு கதவு முழுவதும் திறந்தது.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் மாமியின் மகன் படுத்திருந்தார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். முன்பு தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரராக இருந்தார். அந்த வருஷங்களில் அசனத்துச் சாம்பார் அவர் கைச் சாம்பார்தான். பிறகு பம்பாய்க்குப் போனார். போனபோது தோளில் பெரிய பை இருந்தது. திரும்பி வந்தபோது பையை அவர் அம்மா தூக்கி வந்தார். அவருக்கு எய்ட்ஸ். அந்தச் சொல்லை எங்கள் வீட்டிலோ சபையிலோ யாரும் உச்சரிக்கவில்லை. ‘அந்தச் சூக்கேடு’ என்றார்கள், மலையாளத்தில் சொன்னால் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்பதுபோல.

அன்று மாலை சபைச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவுக்குச் சிநேகிதர், நல்ல மனிதர். அண்ணனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்துத் தந்ததும் மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கோயில் பீடத்துக்கு மேலே, அன்பைப் பற்றிய வசனத்தை தெர்மோகோலில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டியவரும் அவரே.

“அக்கா, தப்பா நினைக்கண்டாம். அந்த வீட்டு அரிசி வேண்டாம்னு நான் சொல்லல்ல. வாங்கிக்கிடுங்கோ. வாங்கி தனியா வச்சிருங்கோ. அசனத்துக்கு எடுக்கண்டாம். அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்.”

“எதுக்கு?”

“ஆளுங்க பேசுது அக்கா. பிள்ளைங்க சாப்பிடுற சாப்பாடு இல்லியா?”

“கொதிக்கிற உலையில போடுற அரிசி தம்பி அது.”

“எனக்குத் தெரியும். டாக்டரும் சொன்னாரு. நான் அந்த வீட்டுக்குப் போகல்லியா? மருந்து வாங்கிக் குடுக்கல்லியா? குடுக்கிறது வேற, இது வேற.”

“அதான் எனக்கும் மனசிலாகல்ல,” என்றார் அத்தை. “எப்படி வேற?”

மாமா காப்பியைக் குடித்து முடித்தார். போகும்போது, “தனியா வச்சிருங்கோ, கேட்டேளா?” என்று மட்டும் மறுபடி சொன்னார். அத்தை சரி என்று சொல்லவில்லை. சொல்லாததை அவர் கவனிக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. ஆற்றங்கரை மாமி வீட்டு அரிசியில் ஏதோ இருக்கிறது. அரிசியில் என்ன இருக்க முடியும்? கல் இருக்கும். வண்டு இருக்கும். எங்கள் வீட்டில் அரிசியைப் பற்றி வரும் புகார் அவ்வளவுதான்.

எனவே நான் வேலையில் இறங்கினேன். டின்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அத்தை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டுவார். கொட்டும் முன் நான் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு டின்னையும் முறத்தில் பரப்பிப் பார்த்தேன். எந்த டின் எந்த வீட்டுடையது என்று எனக்குத் தெரியும். ஆற்றங்கரை மாமி வீட்டு அரிசியை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு முறை பார்த்தேன். சிவப்பு மட்டை அரிசி. அவர்கள் வீட்டில் இரண்டே பேர், அதனால் டின் எப்போதும் பாதிதான் இருக்கும். கல் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. அசனம் வரும்வரை எந்தச் சனிக்கிழமையும் அந்த அரிசியில் நான் ஒரு கல்லைக் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பார்த்து முடித்ததும் அத்தை அதை வாங்கி மற்ற அரிசியோடு சாக்கில் கொட்டி, முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறுவார்.

அசன நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குள் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பின்புறம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தையும் சங்கத்துப் பெண்கள் நாலு பேரும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நான் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போதகர் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒலிபெருக்கி ஒன்று சமையல் கொட்டகையைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் ஒரு சொல் விடாமல் கேட்டது. அப்போது மாமா வந்தார்.

“அக்கா, அந்த வீட்டு டின் எங்க?”

“திருப்பிக் குடுத்தாச்சு.”

“அரிசி?”

அத்தை துருவிக்கொண்டே முகவாயால் சாக்கைக் காட்டினார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். முதல் சனிக்கிழமையிலிருந்தே.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அத்தையுடையது மட்டும் கேட்டது.

“நான் சொன்னேனே அக்கா.”

“சொன்னீங்க. நான் சம்மதிக்கல்லியே. எல்லா வீட்டு அரிசியும்னுதானே சபையில அறிவிச்சீங்க? ஒரு வீட்டை விட்டா அது அசனம் இல்ல தம்பி. சும்மா சாப்பாடு.”

சாலை பஜாரில் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. அத்தனை பேருக்கு வேறு அரிசி கிடைக்காது. சங்கத்தில் ஒருவர், சிவப்பு அரிசியை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாமே என்றார். பாதி வீடுகளில் சிவப்பு அரிசிதான் என்று இன்னொருவர் சொன்னார். அந்த யோசனை அங்கே முடிந்தது.

சமையலுக்குப் பாறசாலையிலிருந்து கூலிக்கு வந்திருந்தவர் கரண்டியை அண்டாவில் தட்டினார்.

“வெள்ளம் கொதிச்சு மறியுது. அரிசி உண்டா, இல்லியா? இல்லேன்னா சொல்லுங்கோ, எல்லாரும் குளிச்சிட்டுப் போலாம்.”

மாமா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. அவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“மாமா, நான் எல்லா அரிசியும் பாத்தேன்,” என்றேன். “ஆற்றங்கரை மாமி அரிசியில ஒண்ணுமே இல்ல. ஒரு கல்லுகூட இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று நினைத்து, நான் மேலும் தெளிவாகச் சொன்னேன்.

“உங்க வீட்டு அரிசியிலதான் கல்லு. வண்டும் கிடந்தது.”

சமையல்காரர் சிரித்த சிரிப்பில் கரண்டி கையிலிருந்து நழுவியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சாக்கின் அடியைப் பிடித்தார்.

“தம்பி, வாயை விடுங்கோ. இல்லேன்னா சேந்து தூக்குங்கோ.”

மாமா தூக்கவில்லை. ஆனால் கையை எடுத்துவிட்டார். சமையல்காரர் மறுமுனையைப் பிடித்தார். அரிசி கழுவப்பட்டு அண்டாவுக்குள் போனது. ஒலிபெருக்கியில் போதகர் பிரசங்கத்தின் மூன்றாவது குறிப்புக்கு வந்திருந்தார்.

ஆராதனை முடிவதற்குள் செய்தி உள்ளே போய்விட்டது. ஆசீர்வாதம் முடிந்ததும் சில குடும்பங்களுக்கு அவசர வேலைகள் வந்தன. ஒருவர் நெய்யாற்றின்கரை பஸ் போய்விடும் என்றார். அவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது. வழக்கமாக மூன்று பந்தி நடக்கும். அன்று இரண்டாவது பந்தியில் பாதி இலை காலியாக இருந்தது. போதகர் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கினார். அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டார்கள். செயலாளர் மாமா வாளியோடு நடந்து எல்லாருக்கும் சாம்பார் ஊற்றினார். கடைசி ஆள் எழும்வரை ஊற்றினார். அத்தை அவருக்கு ஓர் இலை போட்டு, “இருங்கோ தம்பி” என்றார். வயிறு சரியில்லை என்றார் அவர். கல்லைப் பற்றி நான் சொன்னதில் கோபம் என்று நினைத்தேன்.

பிறகு அத்தை ஒரு தூக்குவாளியில் சோறும் இன்னொன்றில் சாம்பாரும் எடுத்துக்கொண்டார். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அசனச் சோறு போவது எங்கள் சபையில் வழக்கம். நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனோம். மாமி கோயிலுக்கு வந்திருக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தார். தூக்குவாளியை வாங்கவில்லை, என்ன குழம்பு என்று கேட்கவில்லை.

“எங்க அரிசியும் சேத்தாச்சா அக்கா?” என்று கேட்டார்.

“சேத்தாச்சு.”

“எல்லாருக்கும் தெரிஞ்சா, தெரியாமலா?”

“தெரிஞ்சுதான்.”

மாமி தூக்குவாளிகளை வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டார். கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக் கையால் மசித்து, சாம்பார் விட்டு அண்ணனுக்கு ஊட்டினார். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“எவன்டே சாம்பார் வச்சான்?”

“பாறசாலைக்காரர்.”

“பெருங்காயத்தை முதல்லேயே போட்டுட்டான். போய் சொல்லு.” மூச்சு வாங்கிவிட்டு, “சோறு கொள்ளாம், நல்லாருக்கு” என்றார்.

அத்தை அதே கிண்ணத்தில் மீதி இருந்த சோற்றை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கொட்டகையில் அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பசி போலிருக்கிறது, வேகமாகச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் வைத்தார்.

ஐப்பசியில் துலாமழை தொடங்கியபோது அண்ணன் இறந்தார். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க முன்வந்தவர்கள் குறைவு. முன்பக்கம் ஒரு கைப்பிடியை அப்பா பிடித்தார், மறுபக்கத்தைச் செயலாளர் மாமா. மழையில் சேறு வழுக்கியது. மாமா செருப்பை வழியிலேயே கழற்றிவிட்டு நடந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அத்தை வழக்கம்போலப் பையை எடுத்தார். அம்மா, “இந்த ஒரு வாரம் அந்த வீட்டை விட்ருங்க மதினி. அவங்க உலை வச்சாங்களோ என்னவோ” என்றார். “வச்சிருப்பா. அவ கை இன்னும் ரெண்டு பேருக்குத்தான் அளக்கும்,” என்றார் அத்தை. “விட்டா, விட்ட மாதிரி ஆயிடும்.”

மாமி கதவைத் திறந்து டின்னைக் கொண்டுவந்து அத்தை கையில் தந்தார். மூடி பொருந்தாத அளவுக்கு அது நிறைந்திருந்தது. மேலே ஒரு துணி போட்டு நூலால் கட்டியிருந்தது. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கினார். மாமி எனக்கு ஒரு அச்சுமுறுக்கு தந்தார்.

தெருமுனை திரும்பியதும், “அத்தை, இப்போ மாமி ஒரே ஆள்தானே? எப்பவும் பாதி டின்தானே வரும்? இன்னைக்கு எப்படி நிறைஞ்சிருக்கு?” என்று கேட்டேன்.

அத்தை டின்னைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கேட்டது காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்து, அரிசியை முறத்தில் பரப்பி ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கல் இல்லை.