மலைப்பாசிக்கு ஊற்றிய தண்ணீர்

“…செத்த பிறவும் மூச்சு விடும், அண்ணாச்சி. அதான் இதுல உள்ள சங்கடம். மூச்சு கூடக் கூட நல்லாருக்குன்னு நெனச்சிட்டிய.”

இதைச் சொன்னபோது அவள் கையில் கண்ணாடி மூடி இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்து, இரண்டு இரவு ரயிலில் வந்து, பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே குளிர் அறைக்குள் நுழைந்திருந்தாள். தொட்டியில் பாசி பழைய பாய் நிறத்தில் கிடந்தது.

எழுபதுகளின் கடைசி. டில்லியில் லோதி ரோடு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் தற்காலிக அட்டெண்டர். எட்டாவதோடு நின்றவன். படித்ததெல்லாம் காதால் படித்ததுதான். யார் எதைச் சொன்னாலும், வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதே குரலில் சொல்லிக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூடியோடு நின்றவளோ பாளையங்கோட்டைக்காரி, அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. பட்டம் வாங்கும் முன்பே நான் ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவேன். “வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்” என்று சிரிப்பாள்.

காஷ்மீரில் ஒரு மலைச் சதுப்பிலிருந்து மண்ணைப் பாசியோடு கட்டி கட்டியாக வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆறு தொட்டிகள். மேலே பச்சைப் பாசி. கீழே, எந்தக் காலத்திலோ செத்த பாசி மட்காமல் அமுங்கி அமுங்கிக் கறுத்த மண். பீட் என்பார்கள். “பகல்ல பாசி கரியமில வாயுவ உள்ள இழுக்கும், இருட்டுல எல்லாம் சேந்து வெளிய விடும். இழுக்கது கூடவா, விடுதது கூடவா? அம்புட்டுதான் என் ஆராய்ச்சி” என்பாள். அம்புட்டுக்கு மூன்று வருஷம்.

அளக்கும் விதத்தைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். தொட்டிக்குள் ஒரு கிண்ணம் காஸ்டிக் சோடா வைத்து, கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, கறுப்புத் துணி போர்த்த வேண்டும். வெளிவரும் வாயுவைச் சோடா குடித்துவிடும். மறுநாள் அதில் ரோஸ் நிறம் வரவழைத்து, நிறம் போகிறவரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கணக்குத் தெரியும். அவளே ஒருநாள், “உம்ம கை என் கைய விட நிதானம், அண்ணாச்சி” என்றாள். அதை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

ஜூன் மாதம் தந்தி வந்தது. ஓடினாள். அவள் ரயிலில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். கிளம்பும் அவசரத்திலும் சொன்ன ஒரே விஷயம்: “இந்தக் கேன்ல உள்ள டிஸ்டில்டு தண்ணி மட்டும் விடுங்க. லேப் குழாய்த் தண்ணி வேண்டாம்.”

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிக்கிற கருவியில் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோனது. புதிது கேட்டு இன்டென்ட் எழுதிப் போட்டால் மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். அவர்களில் ஒருவர் லீவு. கேன் காலி. லேப் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால்தான் வேண்டாம் என்றாள் என்று நானே முடிவுகட்டினேன். கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரோ நன்றாக இருக்கும். என் மூன்று பிள்ளைகளும் குடித்து வளர்ந்த தண்ணீர். காலையில் பிடித்து, காய்ச்சி, ஆற்றி, வேட்டித் துணியில் வடிகட்டி, கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

கூட வேலை பார்த்த கடுவால் மலைக்காரன் கேலி செய்வான். “அரே மதராசி, காஸுக்கு, புல்லுக்குப் போய்க் காய்ச்சின தண்ணியா? அடுத்து பாலும் பிஸ்கட்டுமா?” எங்களோடு இருந்து இருந்து அவன் பேசக் கற்ற தமிழ் அது. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏதாவது ஆச்சுன்னா சாஹிப் உனக்குச் சுட்டி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவார், பையா. நீ டெம்பரரி” என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெஜிஸ்டரில் நான் எழுதிய அளவு தினமும் ஏறிக்கொண்டே போனது. மூச்சு நன்றாக விடுகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. பாசி லேசாக வெளுத்ததை வெயில் காலத்தின்மேல் பழி போட்டேன். பத்தாம் நாள் இன்லேண்டு லெட்டரில் எழுதினேன்: ‘கவலை வேண்டாம், அம்மா. உங்கள் பிள்ளைகள் முன்னைவிட நன்றாக மூச்சு விடுகிறார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் கொடுக்கிறேன்.’

டில்லித் தண்ணீரில் சுண்ணாம்பு. அந்தப் பாசி மழையையும் பனியையும் மட்டும் குடித்து வளர்ந்தது. சுண்ணாம்பு பட்டால் கருகும். அதுவரை மட்காமல் கிடந்த மண்ணும் மட்கத் தொடங்கும். நான் பூரித்துப் பூரித்து எழுதிய எண்களெல்லாம் அழுகலின் மூச்சு. கார் பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு தண்ணீர், நான் தினமும் பஸ் ஏறிய நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் பாட்டில் பாட்டிலாக இருந்தது. அது எனக்கு உறைத்தது எல்லாம் முடிந்த பிறகு.

மலையில் மறுபடி வெட்ட அனுமதி வாங்க ஒரு வருஷம் ஆகும். அவளுடைய பேராசிரியர் அந்த டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த ஆராய்ச்சி முடியவே இல்லை. நான் வாய் நிறையக் கூப்பிட்ட பட்டம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

அதெல்லாம் பிறகு. அன்று காலை, நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். “லெட்டர் கெடச்சுதாம்மா?” என்றேன்.

“பதினாறு அன்னைக்குக் காலைல வந்துச்சு. படிச்சதும் அழுதுட்டேன். அப்பாவுக்குத்தான் அழுதேன்னு எல்லாரும் நெனச்சாக.” கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தபடி, “எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியல, அண்ணாச்சி” என்றாள். அதன் பிறகுதான், செத்த பிறகும் மூச்சு விடும் என்ற அந்தப் பேச்சு.

“நானே சாஹிப்கிட்டப் போய்ச் சொல்லிடறேம்மா. எம் மேலதான் தப்பு.”

அவள் மூடியை மேசைமேல் வைத்தாள். ரெஜிஸ்டரை இழுத்து, ஐந்தாம் நாளிலிருந்து நான் எழுதியிருந்த எண்களின் குறுக்கே ஸ்கேல் வைத்துப் பக்கம் பக்கமாகக் கோடு போட்டாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், குழாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னது தான்தான் என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.