வடிவு ஆடட்டும்!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, திருவனந்தபுரத்தில் ஹர்த்தால். யார் அழைத்தது, எதற்கு? அதெல்லாம் இங்கே யாரும் கேட்பதில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஒரு டீ கூட இல்லை!

ஆனால் பாஸ்கெட்பால் இருந்தது. வெளியூர் டீம் முந்தின நாளே வந்து ஹாஸ்டலில் தங்கிவிட்டதால், காலேஜ் பெண்களுக்கான ஃபைனலைத் தள்ளிவைக்கவில்லை. நடந்தே போனேன். வடிவு ஆடுகிறாளே... எப்படிப் போகாமல் இருப்பது?

வடிவு, சாலை பஜாரில் நான் வழக்கமாகப் போகும் இரும்புக்கடை ஆறுமுகத்தின் மகள். 'கார்டு' ஆடுகிறவள் — பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யார் எங்கே ஓட வேண்டும் என்று ஆட்டத்தையே நடத்துகிறவள். முதல் வருஷம் 'குள்ளம்' என்று பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் வருஷம் அவள் இல்லாமல் டீமே இல்லை!

அப்புறம்தான் அந்த முழங்கால். எகிறி இறங்கும்போது திரும்பிவிட்டது. ஆபரேஷன். இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னோம். அவள் சொல்லவில்லை. கடைசி வருஷம், காலில் பட்டையோடு திரும்பி வந்தாள். பழைய வேகம் போயிருந்தது. ஆனால் தன்னால் ஓடிச் சேர முடியாத இடத்துக்குப் பந்தை அனுப்பக் கற்றிருந்தாள்.

அன்று மைதானத்துப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? ஆறுமுகம்! மகளின் ஆட்டத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பஸ் இல்லல்லா சார், அதான் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டேன். கடையும் அடைப்பு. இன்னையோட இந்த ஆட்டம் சரி... நாரோயில்ல இருந்து ஒரு வரன் வந்திருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் ஆடப்பிடாதுங்காவ."

"நாகர்கோவில் மாப்பிள்ளையா? வடிவு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல்ல."

விசில் ஊதினார்கள். "அனிதே, இடத்தோட்டு! ஓடடீ!" — வடிவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. சொன்னபடி இடது பக்கம் ஓடினாள் அனிதா. பந்து சரியாக அவள் கையில்.

ஆறுமுகம் திகைத்துப்போனார். "வீட்டுல வாயே தொறக்க மாட்டா சார் இவ!"

இரண்டாம் பாதியில் எதிர் டீம் பெண் ஒருத்தி மோதி, வடிவு விழுந்தாள். அதே முழங்கால். எழவில்லை. ஆறுமுகம் எழுந்துவிட்டார். "போதும் மோளே... வா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா!" மெதுவாக எழுந்து, காலை உதறி, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டாள். அதன்பிறகு ஆறுமுகம் உட்காரவே இல்லை. ரெஃப்ரியை அவர் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது!

ஜெயித்திருக்க வேண்டும். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றார்கள். வடிவு முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பக்கத்தில் போய் நின்றார்.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தார். ஒரு அரசுத் துறை டீமின் கோச். வடிவை எடுத்துக்கொள்கிறோம், வேலையும் உண்டு என்றார்.

ஆறுமுகம் தயங்கினார். "தோத்துப் போச்சே, மேடம்?"

"டீம் தோத்துது. இவ்வளவு நேரம் தோக்காம வெச்சிருந்தது உங்க மகளாக்கும்."

ஆறுமுகம் மகளைப் பார்த்தார். "ஆடுதியா மக்கா?"

"ஆடணும்ப்பா. ஆனா நாரோயில்காரங்க...?"

"அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பிள்ளைகளின் மார்க் நமக்குத் தெரியும், ஜாதகம் தெரியும். அவர்கள் எங்கே தலை நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று மட்டும்... போய்ப் பார்த்திருக்கிறோமா?

நேற்று ஒரு தாழ்ப்பாள் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். வரன் விலகிவிட்டதாம். "அவங்களுக்குக் குடுத்து வைக்கல்ல" என்றார் ஆறுமுகம், வருத்தமே இல்லாமல். புது டீமில் வடிவுக்கு முதல் மேட்ச் அடுத்த மாதம், கோழிக்கோட்டில்.

அப்பாவும் போகணும், அம்மாவும் போகணும்... கடையை யார் பார்ப்பது என்றுதான் இப்போது வீட்டில் சண்டை!