சாமிமேடையில் சாய்த்துவைத்த கிட்டார்

மரப்பசையின் புளித்த வாடையும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், இந்த வயதிலும் என் கண் தானாகச் சாமிமேடைப் பக்கம் போகும். மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் ஒரு சரஸ்வதி பூசை முழுக்க அந்த வாசம்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பகலெல்லாம் கிட்டாரும் கையுமாக இருப்பார். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, தூங்க முடியாத எரிச்சலில் ஒருநாள் அதைப் பிடுங்கித் தரையில் அடித்துவிட்டார். மாமா உடைந்த கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். துணிமணியை எடுத்துக்கொண்டு அம்பாங்குக்குப் போனவர், தீபாவளிக்குக்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அழுது அழுதே ஓய்ந்தாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத என் அப்பா, கடைசியில் கட்டிலுக்கடியில் கிடந்த கிட்டாரை இழுத்துப்போட்டு, விரிசலில் "கம்" ஊற்றி, பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டி, ஒட்ட ஆரம்பித்தார். அம்மா உடனே போன் போட்டு, "அவரே உக்காந்து ஒட்டுறாருடா, விஜயதசமிக்கு வந்து வாசிச்சிட்டுப் போ," என்று கெஞ்ச, மாமாவும் சரி என்றார்.

அது நைலான் நரம்புக்காகச் செய்த கிட்டார்; இரும்புக் கம்பியின் இழுப்பைத் தாங்காது. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. "இரும்புக் கம்பி போட்டா சத்தம் சும்மா கணீர்னு வரும்லா," என்று சொல்லி மாட்டி, முறுக்கேற்றினார். பூசையன்று அம்மா அதற்குப் பொட்டு வைத்து, பூச்சூட்டி, என் பள்ளிப் புத்தகங்களோடு சாமிமேடையில் சாய்த்தாள்.

சாயங்காலம் 'க்றீச்' என்று ஒரு சத்தம். பல்லி என்றாள் அம்மா. மறுபடியும் கேட்டது. குனிந்து பார்த்தேன்; கம்பிகளைப் பிடித்திருந்த கட்டைக்குக் கீழே பலகை உப்பியிருந்தது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"கம்பி ரொம்ப இழுக்குது. கொஞ்சம் லூஸ் பண்ணிடறேன்."

"ஐயோ, சாமிக்கு வெச்சதைத் தொடாதீங்க!" என்று அம்மா குறுக்கே வந்து நின்றாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சி எடுத்துக்கலாம். இன்னிக்குத் தொட்டா என் தம்பி கைக்கு வாசிப்பே வராமப் போயிடும்."

அப்பா கையை இழுத்துக்கொண்டார். அன்று இரவு நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவும் தட்டைப் பார்க்கவில்லை, சாமிமேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பூசை மணியோடு கேட் திறக்கும் சத்தமும் கேட்டது. கற்பூரம் அணைந்ததுதான் தாமதம், அப்பா பாய்ந்து கிட்டாரை எடுத்து முறுக்காணியில் விரலை வைத்தார். 'டமார்!' கட்டை பலகையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நிலைப்படியில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடியுமா மச்சான்?"

அப்பா குனிந்து, பிய்ந்து விழுந்த கட்டையை எடுத்தார். "அவரு ஒடைக்கலடா, தானா ஒடைஞ்சிருச்சிடா!" என்று அம்மா ஓடுவதற்குள் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருந்தார். பிறகு அவர் வரவேயில்லை. பாவி மனுஷன், ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம்.

அந்த வரிசை வீடுகளை இடித்து இப்போது கொண்டோ அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. கிட்டார் ஷா ஆலமில் என் வீட்டில் இருக்கிறது. புதுப் பலகை ஒட்டி, நைலான் நரம்பு போட்டு நானே சரிசெய்தேன். பூசைக்கு வைக்கும் நாளில், "லூஸ் பண்ணிட்டியாம்மா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். விஜயதசமி காலையில் மட்டும் கேட்டைப் பூட்ட விடமாட்டாள்.