கர்க்கடகம் 24-ஆம் தேதி நான் அளக்கவில்லை

"கர்க்கடகம் 24, சனிக்கிழமை. காலை 7.10 முதல் 9.40 வரை. பூவாறு துறையிலிருந்து பெரிய வளைவு வரை பதினோரு இடங்களில் ஆழம் பார்த்தது. மிகக் குறைவு நாலேகால் அடி, வளைவில். வானம் மூடல். காற்று இல்லை."

என் நோட்டில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. கர்க்கடகம் என்பது உங்கள் ஆடி. இதில் வானமும் காற்றும் மட்டுமே உண்மை. நான் அளக்கவில்லை!

துறைக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் உட்கார்ந்து, பத்து வருடத்துக்கு முந்தைய என் நோட்டு ஒன்றிலிருந்து பதினோரு அளவுகளையும் பார்த்து எழுதினேன். மேலே அன்றைய தேதியைப் போட்டேன். நேரத்தையும் போட்டேன். நேரம் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறசாலைப் பக்கம் ஆதாரம் எழுதுவது என் தொழில். நீங்கள் பத்திரம் எழுதுவது என்பீர்கள். என் வீட்டு அலமாரியில் ஒரே மாதிரி அட்டை போட்ட முப்பத்தொரு நோட்டுகள் இருக்கின்றன. எந்தப் பாலம் எப்போது வந்தது, நெய்யாற்றில் எந்தக் கடத்துத் தோணி எப்போது நின்றது, செங்கல் என்ற ஊரில் எந்தக் குளம் எந்த மாதத்தில் வற்றியது, எல்லாம் அவற்றில் உண்டு. ஊரில் தேதிச் சண்டை வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

என் தங்கை வசந்தாவின் கணவர் தாணு. எனக்கு அளியன். இருவரும் ஒரே வயது. ஒருவரையொருவர் அளியா என்றுதான் அழைப்போம். இருபத்தைந்து வருடம் மஸ்கட்டில் ஒரு படகுத்துறையில் வேலை பார்த்தவர். அந்நியர்களின் பாய்மரப் படகுகளைக் கழுவி, கட்டி, பாய் மடித்து வைப்பது வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் குடும்பத்தோடு வந்து ஏறிப் போவார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு இவர் கரையில் நிற்பார்.

ஊருக்குத் திரும்பும்போது ஒரே ஓர் ஆசை. சொந்தமாக ஒரு சிறிய பாய்மரப் படகு. உதியன்குளங்கரை வீட்டு முற்றத்தில் டிரெய்லரில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பூவாற்றுக் காயலில் இறக்க வேண்டும். மனைவியும் மகள் ஆதிராவும் ஏற வேண்டும்.

மகள் எப்போதும் தயார். வசந்தாதான் மாட்டேன் என்றாள்.

கொச்சியில் ஒருவரிடம் இரண்டு பழைய படகுகள் இருந்தன. இரண்டும் பதினேழடி. ஒன்றில் அடியிலேயே கனமான இரும்புத் தகடு, கீல் என்பார்கள், நிலையாகப் பொருத்தியிருக்கும். காற்றில் சாயும், ஆனால் எளிதில் கவிழாது. அது மிதக்க மூன்றடி நீர் வேண்டும். மற்றதில் நடுவே ஒரு பெட்டிக்குள் ஏற்றி இறக்கும் பலகை. பலகையை ஏற்றிவிட்டால் முக்கால் அடி நீர் போதும். மணல் தட்டினால் பலகை தானே மேலே மடங்கிக்கொள்ளும். ஆனால் சற்றுக் கூடுதலாக ஆடும். ஆழமில்லாத நீருக்கு இரண்டாவதுதான் சரி என்று தாணு சொன்னார். அவர் தொழில் அறிந்தவர்.

வசந்தாவும் நானும் இங்கே ஒரு கைப்பேசி முன்னால் உட்கார்ந்திருந்தோம். தாணு மஸ்கட்டிலிருந்து பேசினார்.

"ஆடுத வள்ளத்துல நான் கேற மாட்டேன். எனக்கு மறியாத வள்ளம் போரும்."

"எடீ, அது மறியாது. ஆடும். ஆடுதது வேற, மறியுதது வேற."

"நிங்க கயிறு பிடிச்ச ஆளாக்கும். ஓட்டின ஆளு இல்ல. மத்தது வாங்குங்க, வாறேன்."

"அதுக்கு வெள்ளம் வேண்டாமா? காயலுக்க ஆழம் உனக்குத் தெரியுமா?"

வசந்தா என்னைக் கை காட்டினாள். "அண்ணன் அளந்து எழுதித் தரட்டும். அண்ணன் எழுதினா அது ஆதாரமாக்கும். பின்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அளியா, நாலடி எல்லா எடத்துலயும் உண்டுன்னா அவ சொன்னத வாங்குவோம்," என்றார் தாணு. "இல்லேன்னா பலகை வள்ளம்தான். பாத்துச் சொல்லு. வேற ஒருத்தன் கேட்டு நிக்குதான்."

இவ்வளவுதான் என் பொறுப்பு. ஒரு கம்பு, ஓர் அளவுநாடா, ஒரு காலை நேரம்.

துறையில் நின்ற படகுக்காரரிடம் விவரம் சொன்னேன். அவர் மூங்கில் கம்பை எடுத்தார்.

"கேறுங்க சாறே."

"நீங்க போய்க் குத்துங்க. நான் கரையில நின்னு எழுதுதேன்."

"அது நடக்காது சாறே. கம்பு நான் குத்துவேன், நாடாவுல அக்கம் நிங்க பாக்கணும். எனக்கு கண்ணு பிடிக்காது." அவர் என் காலைப் பார்த்தார். செருப்பைக்கூட நான் கழற்றியிருக்கவில்லை. "பேடியா சாறே?"

பக்கத்தில் வலை உலர்த்தியவர்கள் சிரித்தார்கள். ஒரு போன் வந்ததுபோல நடித்து விலகினேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரில் எனக்குப் பயம். நெய்யாற்றங்கரையில் பிறந்து ஐம்பத்தெட்டு வயதானவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. பழைய அளவுகள்கூட வேறொரு படகுக்காரர் நடு நீரிலிருந்து கூவிச் சொல்ல, நான் கரையில் நின்று எழுதியவைதான். அவர் இறந்துவிட்டார். கடத்துகளின் சரித்திரம் எழுதுவதற்காக அன்று சாயாக்கடை வரை எடுத்து வந்திருந்த நோட்டில் அந்தப் பக்கம் இருந்தது...

பயத்தினால் செய்தேன் என்று நிறுத்திக்கொள்ளலாமா? கூடாது. பயந்தவன் "அளக்கவில்லை" என்று எழுதியிருக்கலாமே! எழுதும்போது எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். என் தொழிலில் அதுதான் வழக்கம். புதிய ஆதாரம் எழுதும்போது முன்னாதாரத்தை விரித்து வைத்துக்கொள்வோம். அதில் உள்ள நான்கு எல்லைகளை அப்படியே எடுத்து எழுதி, புதிய தேதி போடுவோம். நிலத்துக்குப் போவதில்லை. கிழக்கு எல்லையில் நின்ற புளியமரம் விழுந்து ஒரு தலைமுறை ஆனாலும் ஆதாரத்தில் அது நிற்கும். யாரும் கேட்பதில்லை. முப்பது வருடம் நிலத்தை அப்படி எழுதியவன், அன்று தண்ணீரையும் அப்படியே எழுதினேன்.

நிலம் அசையாது. ஆற்று மணல் ஒரு மழைக்காலத்தில் இடம் மாறிவிடும். இது எனக்குத் தெரியாதா? மணல் மாறியதை வருடம் வருடமாகக் குறித்து வைத்தவனே நான்தானே!

பக்கத்தைப் படம் எடுத்து தாணுவுக்கு அனுப்பினேன். கீல் படகு வாங்கப்பட்டது. தாணு ஊர் திரும்பினார்.

ஓணத்துக்கு மறுநாள் காலை அதை இறக்கினோம். வசந்தா புது நேரியதின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஆதிரா பாய்க்கயிற்றைப் பிடித்தாள். தாணு சுக்கானில். நான் வழக்கம்போல் கரையில், குடையோடு.

"மாமா, நீங்களும் வாருங்க!" என்று ஆதிரா கூப்பிட்டாள்.

"கரையில நிக்க ஒரு ஆளு வேணும்," என்றேன்.

தாணு நடு ஆற்றில் போனார். வலமும் இல்லை, இடமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் பாய் நிறையக் காற்று. படகு யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. ஏதோ எடுக்க எழுந்த வசந்தா முன்னால் எறியப்பட்டாள். தோள், படகின் சிற்றறைக் கூரை விளிம்பில் மோதியது. அவள் அலறல் கரைக்குக் கேட்டது.

படகு கவிழவில்லை. அவள் கேட்டது அதுதான், கவிழாத படகு. தோள் எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

வலையோடு வந்த இரண்டு வள்ளங்கள் அவர்களைக் கரை சேர்த்தன. படகை விடுவித்தவர்களில் ஒருவர் நீரில் இறங்கி நின்றார். நீர் அவர் இடுப்புக்கும் கீழே இருந்தது. நாலேகால் அடி என்று நான் எழுதிய இடம்!

மருத்துவமனையில் அவள் கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "இதுக்காக்கும் இருபத்தஞ்சு வருசம் வெளிநாட்டுல கிடந்தியளா? ஒரு வள்ளம் நேரே ஓட்டத் தெரியல்லியே."

தாணு பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பேசாததற்கும் நான் பேசாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் பதிவு அலுவலகத்தில் இருந்தபோது தாணு என் வீட்டுக்கு வந்தார். அளவு எழுதிய நோட்டைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி லலிதாவிடம் கேட்டார். அவள் அலமாரியைத் திறந்து விட்டிருக்கிறாள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நாங்கள் வசந்தாவைப் பார்க்கப் போனோம். அவள் மறுபடியும் தொடங்கினாள். தாணு அமைதியாகச் சொன்னார்:

"அளியன் எழுதினது வலது கரைப் பக்கத்து அளவாக்கும். நான் இடது பக்கமா ஒதுக்கிட்டேன். என் கைத்தப்பு."

என் குறிப்பில் வலது இடது என்று எதுவும் இல்லை. நீங்களே மேலே பார்த்துக்கொள்ளலாம். அவர் இடது பக்கம் ஒதுக்கவும் இல்லை.

"அப்படியா அண்ணா?" என்று வசந்தா என்னிடம் கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

முதல் பொய்யைத் தனியாக எழுதினேன். இரண்டாவதை எல்லோர் முன்னாலும் சொன்னேன், வாய் திறக்காமல். எது பெரியது? பல முறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். விடை ஒரு நாளைப்போல் மறுநாள் இல்லை.

வசந்தாவின் தோள் கூடிவிட்டது. கை முழுதாக உயராது. அவள் பின்னர் எந்தப் படகிலும் ஏறவில்லை, மகளையும் விடவில்லை. துலாத்தில், உங்கள் ஐப்பசியில், படகை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்க வந்தவர், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். "வள்ளத்துக்குக் குற்றமில்ல, ஓட்டினவனுக்குத்தான் ஓட்டத் தெரியாது," என்று தாணு சிரித்துக்கொண்டே சொன்னார். டிரெய்லரின் கொக்கியை அவரே மாட்டிக் கொடுத்தார். கல்யாண வீடுகளில் வசந்தா இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். எனக்கு அப்போது இலையைப் பார்த்துக் குனிந்திருப்பது வசதி.

இதை எழுதியதால் எனக்கு ஏதாவது இலேசாகிவிட்டதா? இல்லை. நீங்கள் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயப்படுத்த முயன்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தாணு பார்த்தது புதிய நோட்டை மட்டுமா, அல்லது பழையதையுமா? இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தக் குழந்தைக்கும் தெரியும், பதினோரு அளவும் ஒன்றே என்று. நான் வந்து பார்த்தபோது முப்பத்தொரு நோட்டுகளும் வரிசை மாறாமல் இருந்தன. லலிதாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"எத்தன நோட்டு எடுத்தாரு?"

"ஒண்ணோ ரெண்டோ. நான் அடுப்புல மீன் வச்சிருந்தேன். எனக்கு ஓர்ம இல்ல." பின்பு அவள் கேட்டாள்: "எதுக்கு? அவரிட்டயே கேட்டா போராதா?"

கேட்கவில்லை. ஆகவே, அவர் பழைய நோட்டைப் பார்த்த பிறகுதான் பழியைத் தன் மேல் எடுத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.