மூடியில் மழைத்தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி இருக்கிறது. அதில் வெனிஸ் நகரத்தின் படம். தெருவுக்குப் பதில் தண்ணீர், வாசலுக்கு வாசல் படகு. ஓரமெல்லாம் துருவேறிவிட்டது. டின் எப்போதோ போய்விட்டது. மூடியை மட்டும் யாரையும் தூக்கிப்போட விடுவதில்லை.

கொண்டுவந்தவர் சித்தப்பா. கப்பலில் வேலை. எங்கள் ஊரிலேயே, காஜா பேராங் பக்கம், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சின்னம்மாவுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவது மலாய்தான். பிள்ளையில்லாத அந்த வீட்டில்தான் நான் பாதி நாள் வளர்ந்தேன். லீவில் வந்தால் சித்தப்பாவின் அளப்புக்கு அளவே இராது. எதிரிக்குப் பயந்து ஓடியவர்கள் வெனிஸின் சேற்றுத் தீவுகளில் ஒண்டினார்களாம். சேற்றில் மரக்கட்டைகளை நெருக்கி அடித்து, மேலே கல் பரப்பி ஊரையே எழுப்பினார்களாம்.

"நம்ம மலாக்கா வழியா போன மிளகும் கிராம்பும்தான் அங்க மாளிகையா நிக்குது," என்பார், ஏதோ தாமே மூட்டை தூக்கியதுபோல. "ஆனா பாரு, சுத்தி தண்ணி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது. மழை பேஞ்சா பிடிச்சு வச்சுதான் குடிக்கணும்." சின்னம்மா, "காசியான்!" என்று அந்த ஊர்க்காரர்களுக்காகப் பாவப்பட்டு உச்சுக்கொட்டுவார்.

மெர்டேக்காவுக்கு, நாட்டின் முதல் சுதந்திர நாளுக்கு, தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வெனிஸ் துறைமுகத்தில் சித்தப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அங்கேயே, இடுகாட்டுக்கென்று இருக்கும் தீவில், புதைத்துவிட்டார்களாம். ஊரே கொண்டாடிய அந்த நாளில் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

சின்னம்மாவை அரித்தது ஒன்றுதான். காய்ச்சல்காரர் தண்ணீர் கேட்டிருப்பாரே, அந்த ஊரில் யார் கொடுத்திருப்பார்கள்?

செட்டி வீடுகளில் போகியன்று, இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். அந்த முதல் போகியில் சின்னம்மா சித்தப்பாவின் இலையருகே இந்த மூடியை வைத்து மழைத்தண்ணீரை ஊற்றினார். அப்பா அண்ணன்காரர், அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, காப்பி வைக்கக் கூடாதா? வெறும் தண்ணியையா வைப்பே?"

"சானா ஆயர் மினும் தடா," என்றார் சின்னம்மா. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வளர்ந்தபின் ஒரு புத்தகத்தில் படித்தேன். சித்தப்பா அங்கே போவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. மழைத்தண்ணீர் பழங்காலத்துக் கதை. மனிதர் அதை நேற்று பார்த்ததுபோல் அளந்திருக்கிறார். சின்னம்மாவின் மனப்பாரம் இறங்கட்டும் என்று ஓட்டமாக ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. மூடியை எடுத்துக் கையால் துடைத்தார். பிறகு மெல்ல, அப்படியென்றால் அவருக்கு நான் செய்ய இனி ஒன்றுமில்லையா என்று மலாயில் கேட்டார்.

அடுத்த போகிக்கும் மூடியில் மழைத்தண்ணீர் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "டியா சுகா ஆயர் ஹூஜான்," என்றார். அவருக்கு மழைத்தண்ணீர் பிடிக்கும்.

இப்போது சின்னம்மாவுக்கும் ஓர் இலை போடுகிறோம். இந்த ஆண்டு போகிக்கு முன் மழையே இல்லை. மூடியைக் கழுவிய என் மகள், "குழாய்ல பிடிச்சிட்டு வரட்டுமாம்மா?" என்றாள்.

"வேணாம். அவருக்கு மழைத்தண்ணிதான் பிடிக்கும்," என்றேன்.

பழைய மழையில் பிடித்து வைத்திருந்த போத்தலைத் திறந்து ஊற்றி, மூடியை இரண்டு இலைகளுக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.