தேசிக்காய் விடாத சொதி

சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் எல்லை தாண்டுகிற நாள். ஜெர்மனிப் பக்கம் கோழியும் மலிவு, சலவைத்தூளும் மலிவு. அப்பா, அம்மா, நான் மூவரும் காலையிலேயே காரில் ஏறிவிடுவோம். எங்களோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, வாசலில் நின்று கையசைப்பாள். அவளிடம் இருந்தது எஃப் அட்டை, அகதிகளுக்குத் தருகிற தற்காலிக அனுமதி. அதை வைத்துக்கொண்டு சுவிஸை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. எல்லையோ காரில் ஒரு பாட்டு முடிகிற தூரம்.

கோழி வாங்கிய பிறகு அப்பா ஒரு வைன் தோட்டக்காரரின் கடையில் நிறுத்துவார். அங்கே போத்தல் அடுக்குகிற வேலையில் ஒரு மாமா இருந்தார். சித்தியும் அவரும் ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள், கட்டுவதென்று பேச்சு. வழியில் அவர் ஜெர்மனியில் பிடிபட்டு அங்கேயே பதியப்பட்டார். சித்தி மட்டும் இங்கே வந்து சேர்ந்தாள். ஆளை ஆள் பார்க்க இரண்டு பேருக்கும் பேப்பர் இல்லை. நடுவில் நாங்களும் எங்கள் கோழியும்தான்.

மாமா சித்திக்கென்று ரீஸ்லிங் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டார். இனிப்பே இல்லாத வெள்ளை வைன். அப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, "இதுக்குத் தேசிக்காயைச் சூப்பலாம்" என்றார். அதில்தான் சித்திக்கு யோசனை பிறந்தது. தேங்காய்ப்பாலில் மீன் சொதி வைத்து, இறக்கும்போது வழக்கமாக விடுகிற தேசிக்காய்ப் புளியை, எலுமிச்சைச் சாற்றை, விடாமல், பக்கத்தில் அந்த வைனை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"அக்கா, சொதியில விடாத புளி இதில இருக்கு. தேங்காய்ப்பாலுக்கு நல்லாப் பொருந்துது."

"பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையோ இது?" என்று அம்மா மூக்கைப் பொத்தினாள். ஆனால் தடுக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் இடியப்பமும் ஒரு ஃபிளாஸ்க் சொதியும் என் மடியில் எல்லை தாண்டின. "நடுப்பகல் மணி அடிக்கத்தான் சாப்பிட வேணுமெண்டு சொல்லு" என்பாள் சித்தி. அங்கே தேவாலய மணி அடித்ததும் மாமா பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு வாய் இடியப்பம், ஒரு மிடறு வைன் என்று சாப்பிடுவார். இங்கே அதே மணிக்குச் சித்தியும் சாப்பிடுவாள்.

"பொருந்துது எண்டு சித்தியிட்டைச் சொல்லுங்கோ, பிள்ளை" என்பார். நான் வந்து சொல்வேன்.

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்கு எரிச்சலாக இருக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்; புளியில்லாச் சொதியோ எங்கள் இராச்சாப்பாட்டில். யாரோ ஒருவருக்காக நாங்கள் ஏன் சப்பென்று சாப்பிட வேண்டும்?

ஒரு சனிக்கிழமை மாமாவைக் காணவில்லை. விடியக் காலையில் பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனதாகவும், ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம் என்றும் கடைக்காரப் பெண் சொன்னாள். அப்பா காரில் ஏறியும் வெகுநேரம் அதைக் கிளப்பவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

வீட்டில் சித்தியின் கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் ஃபிளாஸ்க்கை நீட்டினேன். வாங்கியதுமே அதன் பாரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் என்னிடம் "வேற?" என்று கேட்கவில்லை.

சொதியைச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கி இறக்கினாள். ஒரு தேசிக்காயை வெட்டி, இரண்டு பாதியையும் கடைசிச் சொட்டு வரை அதில் பிழிந்தாள்.

இப்போதும் நடுப்பகல் மணி கேட்டால் அவளை நினைத்துச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன். அன்று தள்ளவில்லை. நல்ல பசி. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி, "இண்டைக்குத்தான் சித்தி, சொதி ருசியா இருக்கு" என்றேன்.

அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். எதற்கென்று விளங்காமல் நான் அழுதேன். சித்தி என் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் ஒரு அகப்பை சொதி விட்டாள்.