பவுடர் டப்பாவுக்குள் ஒரு புளூடூத்

"பேயாவது பிசாசாவது! எம் பொண்ணு ஆபீசோட பேசுதுடி!" என்று பூவம்மா குடத்தைத் தரையில் வைத்த வேகத்தில் கால்வாசித் தண்ணீர் குப்பம்மாவின் காலில் கொட்டியது.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் விடிந்தும் விடியாமலும் கைப்பம்பு அருகேதான் எல்லா வழக்கும் நடக்கும். அன்றைய வழக்கு பூவம்மாவின் மகள் சங்கமித்ரா.

"கோச்சிக்காதக்கா. கையில போனும் இல்ல, எதிர்ல ஆளும் இல்ல. குடத்த இடுப்புல வச்சிகினு 'நாப்பதடி மூணு, இருபதடி ரெண்டு'ன்னு கத்திகினே போவுது. நாப்பதடி உசரத்துக்கு மனுசனாக்கா நிப்பான்? நீயே சொல்லு" என்றாள் எதிர்வீட்டுக் குப்பம்மா.

"அது பொட்டிடி! கப்பல்ல வர்ற பொட்டி! நாப்பதடி நீளம் ஒண்ணு, இருபதடி நீளம் ஒண்ணு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. எம் பொண்ணுக்குப் பேய் புடிச்சிதுன்னு இன்னொரு தபா சொன்ன, உனுக்கு நான் புடிச்சிடுவேன்!"

பம்படியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பூவம்மா சிரிக்கவில்லை. குப்பம்மா கெட்டவள் இல்லை. பூவம்மா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சித் தந்தவள். ஆனால் கஞ்சி தந்தவள் என்பதற்காக மகளை விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது.

சங்கமித்ராவுக்குத் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. வெயிலில் நடந்து பெட்டிகளின் எண்ணைப் பார்த்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் சாக்பீஸ். போன் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால்தான் காதில் மாட்டிக்கொள்ளும் புளூடூத்தை ஆபீசில் கொடுத்தார்கள். செல்போன் இடுப்புப் பையில் கிடக்கும், பேச்சு மட்டும் காதுக்கு வரும். முந்தின நாள் அவள் பார்த்த பெட்டிகளின் கணக்கைக் கேட்டுக் காலையிலேயே ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள். அவளும் தண்ணீர் சுமந்தபடியே பதில் சொல்லிவிடுவாள்.

அந்தச் சின்னக் கறுப்புப் பொருளைப் பார்த்துக்கொள்வது பூவம்மாவின் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. மகள் வந்து கழற்றியதும் வியர்வையையும் தேங்காயெண்ணெயையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். தேய்க்க மாட்டாள், ஒற்றுவாள். கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டு, சிவப்பு விளக்கு அணைகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு பஞ்சு வைத்த காலிப் பவுடர் டப்பாவுக்குள் படுக்க வைத்து மூடுவாள். கைக்குழந்தையைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை என்று சங்கமித்ரா கேலி செய்வாள்.

குழந்தை என்றால் திருஷ்டி படாதா? பார்க்கிறவர்கள் எல்லாம் இது என்ன, அது என்ன என்று கேட்க ஆரம்பித்ததும் பூவம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மகளிடம் சொன்னால் பெரிய பிரசங்கமே நடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கடுகளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் புளூடூத்தின் நுனியில் ஒட்டிவிட்டாள். கறுப்பில் கறுப்பு, மகள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் பம்படியில் இந்தச் சண்டை.

அன்று சாயங்காலம் சங்கமித்ரா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் பேசுறது ஆபீஸ்ல யாருக்குமே கேக்கலம்மா. ஒரு வாரமா தொண்ட கிழியக் கத்துறேன். கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாரி கீதுன்னு சொல்றாங்க. இன்னிக்கு ஒரு பொட்டியோட நம்பரத் தப்பா எழுதிட்டாங்க. வேலைக்கு வெச்சிப் பாக்குறோம்னு சொன்ன மூணு மாசம் சனிக்கிழமையோட முடியுது. அன்னிக்கும் இப்பிடியே இருந்தா வேற ஆளப் போட்டுக்குறேன்னு எங்க மேனேஜரு செல்வநாதன் சார் சொல்லிட்டாரு."

"செட்டு கெட்டுப்போச்சா?"

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது. என் பேச்சுதான் போவல. இதோ பாரு, இந்த நுனியில ஊசி குத்துன மாரி ஒரு ஓட்ட இருக்கும். அதுலதான் பேச்சு உள்ள போவும்..." என்று விரலை வைத்துக் காட்டினாள்.

பூவம்மா பொட்டு ஒட்டிய அதே இடம். பேசாமல் இருந்துவிடலாம். மகள் தூங்கியதும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வேலை போய்விடுமோ என்று இந்தப் பெண் அதுவரை அழுதுகொண்டல்லவா இருக்கும்?

"இங்க குடுடி" என்று வாங்கி, நகத்தால் பொட்டை உரித்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்ததை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சங்கமித்ரா பொட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"திருஷ்டியா?"

"ஆமா."

"எம்மா! புளூடூத்துக்கா?"

"எத்தினி கண்ணு படுது அது மேல! நான் இன்னாத்தக் கண்டேன், அதுக்கு வாயி நுனியில கீதுன்னு? பொட்டு வெச்சது தப்பில்ல, வெச்ச எடந்தான் தப்பு."

சங்கமித்ராவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றித் துளையில் ஒட்டியிருந்த பசையை இருவருமாகத் துடைத்து எடுத்தார்கள். சங்கமித்ரா ஆபீசைக் கூப்பிட்டு மெதுவாக, "சார், கேக்குதா?" என்றாள். மறுமுனையில் செல்வநாதன், "ஏம்மா கத்துற? நல்லாவே கேக்குது" என்றாராம்.

சனிக்கிழமை அறுபது பெட்டிகள். ஒரு எண்கூடத் தப்பவில்லை. திங்கள்கிழமையிலிருந்து அதே கம்பெனியின் எண்ணூர் யார்டில் நிரந்தர வேலை என்று சொல்லி அனுப்பினார்கள்.

திங்கள் காலை அவள் கிளம்பும்போது பூவம்மா டப்பாவைத் திறந்து கொடுத்தாள். சங்கமித்ரா காதில் மாட்டப் போனவள் நிறுத்தினாள். முடியை ஒதுக்கி, காதின் பின்பக்கத்தை அம்மாவிடம் காட்டினாள்.

"இங்க வையி. இங்க ஓட்ட இல்ல."

பூவம்மா பொட்டை வைத்து அழுத்தினாள். மகள் புளூடூத்தை மாட்டிக்கொண்டு, யாரிடமோ தணிந்த குரலில் "வந்துகினே கீறேன் சார்" என்று சொல்லியபடி வாசலைத் தாண்டினாள்.

எதிர்வீட்டு வாசலில் நின்ற குப்பம்மா வாயில் கைவைத்தாள். "இன்னாக்கா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்? மந்திரிச்சியா?"

"ஆமாடி. கடுகளவு பொட்டுதான்" என்றாள் பூவம்மா, தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.